வச்சுக்கோ

பூமாலை கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்த வருஷமே மைதானத்தில் கூடை வைத்துவிட்டாள். அவித்த மல்லாட்டை; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர். ரயில்வே லைனுக்குப் பின்னால் இருந்த மைதானம் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளப் புட்பால் ஆட்டம் நடக்கும். ஆட்டக்காரர்களில் ஒருவன் அவள் புருஷன் சவுரிராயன். எண்ணெய் மில்லில் மூட்டை தூக்குகிற தினக்கூலி.

முதலில் ஆட்டம் அவளுக்குப் பிடிபடவில்லை. பந்தை ஏன் ஓங்கி அடிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று சவுரியைத்தான் கேட்டாள்.

"வேலியப் பாத்தியா? பூரா கள்ளி, கருவ முள்ளு. தூக்கி அடிச்சா பந்து அங்கதான் போயி குந்தும். இருக்கறது ஒரே பந்து. அதான் மேனேஜரு தரையிலயே ஆடச் சொல்லிக்கினு இருக்காரு."

அப்போது மேனேஜர் இருதயராஜ். இன்ஜினில் கரி போடுகிறவர். எல்லைக்கோட்டுக்கு வெளியே கைலியை மடித்துக் கட்டி நின்றுகொண்டு, "வச்சுக்கோ, குடு! வச்சுக்கோ, குடு!" என்று தொண்டை கட்டும்வரை கத்துவார். எதிராளி கிட்டே வரும்வரை பந்தை வைத்துக்கொள். அவன் வந்ததும் காலியாக நிற்கிறவனுக்குக் கொடு. அவருக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். முள்ளுக்குப் பயந்து பிறந்த அந்த ஆட்டம் பார்க்க அத்தனை அழகாக இருந்தது. "பாய் பின்ற மாதிரி பின்றானுங்கடா!" என்று ஜனம் ஆர்ப்பரிக்கும்.

வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூடச் சிந்தாமல் நீட்டத் தெரியாது சவுரிக்கு. அவனே மைதானத்தில் பந்தை நீட்டினால், வாங்குகிறவன் காலைக்கூட அசைக்க வேண்டாம், பந்து தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்துக்காகத்தான் பூமாலை வாரம் முழுக்கக் காத்திருந்தாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் அவள். இருந்தாலும் அவன் காலில் பந்து வந்துவிட்டால் அவள் உதடு மட்டும் "குடு" என்று அசையும்.

இருதயராஜுக்குப் போத்தனூருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் கோதண்டபாணி, டிரில் மாஸ்டர். கழுத்தில் விசில், கையில் பிரம்பு. அவருக்குப் பழைய ஆட்டம் பிடித்துத்தான் இருந்தது, பாதி மட்டும். பதினோரு பேர் காலும் படாமல் யாரும் கோல் அடிக்கப் போகக் கூடாது என்று சட்டம் போட்டார். எதிராளியின் கோல் வாசல் வரை கொண்டுபோன பந்தை, நம் கோல்கீப்பர் இன்னும் தொடவில்லை என்று திரும்பக் கொண்டுவந்த கூத்தெல்லாம் நடந்தது. "வச்சுக்கோ, வச்சுக்கோ" என்று பிரம்பு ஆடும். "குடு" எப்போது காணாமல் போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

"யோவ் சவுரி! பந்தை வச்சுக்கினு இருக்கியா, கட்டிக்கினியா? எங்க, தாலியக் காட்டு!" என்று ஒருவன் கத்த, மைதானமே சிரித்தது. பூமாலை முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டாள்.

"யாருகிட்டயாச்சும் தோத்தமா? சொல்லுங்கடா!" என்பார் கோதண்டபாணி. தோற்கவில்லைதான். ஜெயிக்கவும் இல்லை. அடுப்பை எரிய விட்டு உலையில் அரிசியே போடாத வீடு மாதிரி இருந்தது அவளுக்கு.

கூட்டம் குறைந்ததும் கிளப்பை எண்ணெய் மில் முதலாளி சக்கரபாணி எடுத்துக்கொண்டார். முதல் காரியமாக முள்வேலியை வெட்டி எறிந்தார். பூட்ஸ் வந்தது, பனியன் வந்தது, பை நிறையப் பந்து வந்தது. பந்தைப் பொத்திப் பொத்தி ஆட இனிக் காரணமே இல்லை. ஆனால் அந்த ஆட்டத்துக்குள் வேறொரு லாபம் இருப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒரு கோல் போட்டதும் பந்தை மூலைக்குக் கொண்டுபோய்க் காலடியில் வைத்துக்கொண்டு நிற்பது. எவனாவது தொட்டால் விழுந்து புரள்வது. நேரம் போய்விடும், ஜெயித்துவிடலாம். நன்றாகப் புரண்டவர்களுக்கு மில்லில் வேலை பர்மனென்ட் ஆனது. சவுரிக்கு மட்டும் ஆகவில்லை. அவனும் புரளக் கற்றுக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பூமாலை விளக்கெண்ணெயைச் சுட வைத்து எடுத்து வந்தாள்.

"எந்த முட்டி?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "வலது" என்றான்.

மைதானத்தில் அவன் பிடித்துக்கொண்டு அலறியது இடது முட்டியை. அவள் வலது முட்டியிலேயே தேய்த்துவிட்டாள். கைகழுவியும் எண்ணெய் போகாதது போல் இருந்தது.

அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறார் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயத்தில், சக்கரபாணி தாமே ஒரு வெள்ளிக் கோப்பை செய்து வைத்தார். பைனல் திண்டிவனத்தில், திண்டிவனத்து ஆட்களோடு. பூமாலையும் கூடையோடு ரயில் ஏறிப் போனாள்.

பாதி ஆட்டம் முடிந்து ஓய்வு. யாரும் கோல் போடவில்லை. ஆட்டக்காரர்களுக்கு மல்லாட்டை கொடுக்க அவள் போனபோது சக்கரபாணி சவுரியின் தோளில் கை போட்டிருந்தார்.

"ஏம்பா சவுரி, இன்னிக்கி ஜெயிக்கவும் வாணாம், தோக்கவும் வாணாம். இந்த ஊரும் நமக்கு வேணும், அந்த ஊரும் வேணும். கப்பு ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்க. பந்து உன் கால்ல வந்தா வச்சுக்கோ. நாளைக்கே உன்னை பர்மனென்ட் பண்ணிடறேன்."

"சரிங்க மொதலாளி."

பக்கத்தில் கூடையோடு நிற்கிறவளை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிகிற நேரம். திண்டிவனத்து கோல்கீப்பர் முன்னால் ஓடிவந்து வழுக்கி விழுந்து கிடந்தான். கோல் திறந்து கிடந்தது. அதற்கு நேராக விழுப்புரத்து மாசிலாமணி தன்னந்தனியாக நின்று, கையைத் தூக்கி, "குடுடா சவுரி, குடுடா!" என்று கத்தினான். அவனுக்கு விஷயம் தெரியாது. பந்து சவுரியின் காலில்.

"குடு!"

யார் கத்தியது என்று பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் குரல்தான் என்று பூமாலைக்கே அப்புறம்தான் தெரிந்தது. சவுரிக்கும் கேட்டது. அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, பந்தைத் தன் கோல்கீப்பரிடமே உருட்டிவிட்டான்.

"தூ!" என்றார் திண்டிவனத்துக் கிழவர் ஒருவர். தங்கள் ஊர் தப்பித்ததற்கு அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவருக்கே சகிக்கவில்லை.

விசில் ஊதினார்கள். ஒலிபெருக்கியில் இரண்டு ஊரையும் வாழ்த்தினார்கள். சக்கரபாணி கழுத்தில் விழுந்த மாலையோடு வந்தார். கூடைக்காரியைப் பார்த்ததும் அவருக்குத் தமாஷ் தோன்றியது.

"இன்னாம்மா, பேரு பூமாலை, கழுத்து காலியா கீதே? இந்தா, வச்சுக்கோ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கோட்டோரமாக அன்றைக்கு ஆடிய பந்து கிடந்தது. நடந்துபோய், மாலையை அதன்மேல் வைத்தாள். செத்தவர்களுக்குப் போடுகிறமாதிரி இரண்டு பக்கமும் இழுத்துச் சரிபண்ணினாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். சக்கரபாணி மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தார்.

திரும்பும் ரயிலில் சவுரி ஜன்னலோரம் உட்கார்ந்தான். மயிலம் தாண்டியது.

"பர்மனென்ட் ஆயிடுச்சு," என்றான் பிறகு. "இனிமே நீ கூடை தூக்கிக்கினு அலைய வாணாம்."

அவள் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். மீந்திருந்த மல்லாட்டையை அவனே கூடையில் கைவிட்டு எடுத்து உரித்து வாயில் போட்டான். சொத்தை. முகம் கோணியது. துப்புவதற்காக ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"துப்பாத," என்றாள் பூமாலை. "வச்சுக்கோ."

விக்கிரவாண்டி வரும் வரை அவன் வாயைத் திறக்கவில்லை.