பதினோரு மணிக்கு விட்டுப்போன இணைப்பு

பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் போன வருடங்களில், நீலகிரியில் குந்தா பக்கம் நான் ஃபிட்டராக இருந்த டீ ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. மற்ற நாட்களில் வீட்டுப் பின்னறையில், மரத்தில் எழுத்துச் செதுக்கும் சின்ன சி.என்.சி. மெஷினை ஓட்டினேன். உதிரிகளாக வாங்கி நானே பூட்டியது. குன்னூரில் ஒரு விடுதிக்காரர் வாசலுக்குப் பெயர்ப்பலகை கேட்டிருந்தார். அது பிடித்தால் அறைகளுக்கும் சொல்வதாகப் பேச்சு. இல்லாவிட்டால் திருப்பூர்தான் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அங்கே அவள் அண்ணன் பனியன் கம்பெனியில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை பேசி வைத்திருந்தார். புது மனிதர்களிடம் வாய் திறக்கவே எனக்குக் கஷ்டம். திருப்பூர் போக இஷ்டமே இல்லை.

முதல் பலகை பாதியில் நின்றது. மெஷினை இயக்கும் கன்ட்ரோலருடன் இணைப்பு இல்லை என்று லேப்டாப்பில் வந்தது. திரும்ப இணைத்தாலும் எங்கே விட்டோம் என்று மெஷினுக்குத் தெரியாது, பலகை வீண். யு.எஸ்.பி. வயரை மாற்றினேன். லேப்டாப்பில் வேறு துளையில் செருகினேன். மோட்டார் வயர்களை விட்டுத் தள்ளிப் போட்டேன். இரண்டாவது பலகையும் நின்றது. இரண்டு முறையும் பதினோரு மணி வாக்கில், அவள் டீயோடு உள்ளே வந்த சமயம்.

அவள்தான் வயரை இழுத்துவிடுகிறாளோ என்று தோன்றியது. கேட்கத் தைரியம் இல்லை. வயர் செருகுமிடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டேன், இழுத்தால் தெரியட்டுமென்று. சில்வர் ஓக் பலகை ஒன்றுதான் மிச்சம். அதைத் தொடாமல், பழைய பிளைவுட் துண்டில் அதே வேலையை ஓட்டினேன். அவள் வந்ததும் அவள் கையையே பார்த்தேன். அவள் கோட்டைப் பார்த்துவிட்டாள்.

“ஏனுங்க, இதென்ன கோடு?”

“சும்மாதான்.”

“சும்மா கோடு போடற ஆளா நீங்க? நாந்தான் புடுங்கி உடறேன்னு நெனைக்கறீங்களா?”

நான் குனிந்து பிளைவுட்டின் மரத்தூளை ஊதித் தள்ளினேன்.

“செரி, இங்கயே உக்காந்துக்கறேன். நல்லாப் பாருங்க.”

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் மெஷின் நின்றது. அவள் கைகள் மடியில் இருந்தன.

“இப்ப யாருங்க புடுங்குனது? உங்க அப்பிச்சியா?” என்று என் தாத்தாவையும் இழுத்தாள்.

வெளியே பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. குளிருக்கு இதமாகக் கன்ட்ரோலர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

“இத்தன சூடா ஆகுமுங்களா இது?”

மழைக்காலத்தில் இங்கே எல்லா வீட்டிலும், துணி பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு எரியும். கன்ட்ரோலருக்கும் ஈரம் ஆகாதென்று, தகரப் பெட்டிக்குள் அறுபது வாட் பல்பை மாட்டியவன் நானேதான். மெஷினைப் போட்டால் அதுவும் எரியும். பத்து மணிக்கு ஆரம்பித்தால், பதினோரு மணிக்கு உள்ளே சர்க்யூட் கார்டு வெந்து இணைப்பை விட்டுவிடும்.

பல்பைக் கழற்றி, மூடியைத் திறந்து வைத்து, ஆறியபின் நல்ல பலகையை மாட்டினேன். முடியும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

“திருப்பூர் போலாம்னு நெனைச்சது நெசந்தானுங்க. இப்பவும் நெனைக்கறேன். அதுக்குன்னு வயரப் புடுங்குவனா?”

“தப்புத்தான்” என்றேன்.

விடுதிக்காரருக்குப் பிடித்துவிட்டது. அறைகளுக்கு ஒன்பது பலகை சொன்னார். அன்று அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

“இப்ப வரலீங்ணா. ஒம்பது பலகை முடியட்டும், அப்பறம் பாக்கலாம்.”

ஒன்பதுக்குப் பிறகு என்ன என்று கேட்காமல், முதல் அறையின் பலகையை மெஷினில் மாட்டினேன்.