முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் சின்னச் சின்னப் பட்டறைகள் இருக்கும் பக்கம் ஒரு நடை போனால், பெயர்ப்பலகைகளை வைத்தே முதலாளி வீட்டுப் பிள்ளைகளை எண்ணிவிடலாம். மூத்தவன் பெயரிலிருந்து இரண்டு எழுத்து, அடுத்தவள் பெயரிலிருந்து இரண்டு எழுத்து, சேர்த்தால் எந்த ஊரிலும் யாரும் பேசாத ஒரு வார்த்தை, அதன் வாலில் என்ஜினியரிங் என்றோ ஃபேப்ரிகேஷன் என்றோ ஒன்று. கம்பெனி ஆரம்பித்த பிறகு மூன்றாவது பிள்ளை பிறந்துவிட்டால் அந்த மனிதர் பாவம், இன்னொரு ஷெட் போட்டாக வேண்டும். இருபத்தோரு வருஷம் அந்தப் பலகைகளைத் தாண்டித்தான் ஷிப்டுக்குப் போய் வந்தேன். நிறைய கேலி பண்ணியிருக்கிறேன்.

என் முறை போன வருஷம் வந்தது. நான் வேலை செய்த கம்பெனியில் வெல்டிங் வேலையில் பாதியை வெளியே கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வேலையை விட்டுட்டு நீயே ஒரு ஷெட் எடு, ஆர்டர் உனக்குத்தான்" என்றார். ஒரே நிபந்தனை, பிரைவேட் லிமிடெட்டாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் புத்தகத்தில் நம்மை ஏற்ற மாட்டார்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும். இரண்டாவது ஆளாக மனைவியைப் போட்டேன். அவள் கவரைப்பேட்டையில் ஒரு பேக்கிங் யூனிட்டில் லைன் பார்த்துக்கொள்கிறாள்.

"நான் டைரக்டரா? இது ஒனக்கே ஓவரா தெர்ல?" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின நாலு வருஷமாக எனக்கு எதுவுமே அவ்வளவாகத் தோன்றுவதில்லை. பசி தோன்றும், கோபம் தோன்றும். அவ்வளவுதான்.

ஆடிட்டர் ஆபீஸ் பஜாரில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருந்தது. ஆடிட்டரைக் கண்ணால் பார்க்க முடியாது. எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்தான். இருபத்தைந்து வயது இருக்கும். கம்பெனி ஆரம்பிப்பதற்கு முன்னால் பெயரை ரிசர்வ் செய்ய வேண்டும் என்றாள். நாட்டில் வேறு யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும், இருக்கிற பெயர் போலவும் இருக்கக் கூடாது. இரண்டு பெயர் கொடுக்கலாம். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம். முதலாவது ஆகாவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பார்கள். கிடைத்த பெயர் இருபது நாள் நம் பேரில் நிற்கும். அதற்குள் கம்பெனியைப் பதிய வேண்டும், தவறினால் போய்விடும்.

நான் குலதெய்வத்தைச் சொன்னேன். தட்டிப் பார்த்தாள். பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது. முருகன், வெங்கடாசலபதி, வீரராகவர், யாரையும் விட்டுவைத்திருக்கவில்லை. சூரியன், சந்திரன், சிங்கம், இமயமலை எல்லாம் போய்விட்டிருந்தன. நாமும் ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று இந்த நாட்டில் எனக்கு முன்னால் இத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது என்று பார்த்தபோது எரிச்சல்தான் வந்தது.

"பசங்க பேர சேத்துப் பாக்கலாமாண்ணா? அதுன்னா ஈசியா கெடைக்கும்" என்றாள் அந்தப் பெண்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள். மகள் பெயரில் முதல் இரண்டு எழுத்து, மகன் பெயரில் முதல் இரண்டு எழுத்து. யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை. பஸ்ஸில் வரும்போதே தயாராக வைத்திருந்திருக்கிறாள்.

அந்தப் பெண் தட்டிப் பார்த்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை. "இந்தியாவுலயே இல்லக்கா இந்தப் பேரு!" என்று சந்தோஷப்பட்டாள். பிறகு சும்மா பேச்சுக்கு, "பொண்ணு இன்னா படிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, செத்துட்டா" என்றாள் மனைவி.

நான் சுவரில் இருந்த மூன்று காலண்டர்களையும் வரிசையாகப் பார்த்தேன். மூன்றும் வெவ்வேறு நகைக்கடை, மூன்றிலும் லட்சுமி. இரண்டாவது விருப்பம் என்ன என்று அந்தப் பெண் கேட்டபோது, என் முதல் எழுத்து, மனைவி முதல் எழுத்து, மகன் முதல் எழுத்து என்று மூன்றைச் சேர்த்துச் சொன்னேன். அதுவும் யாரிடமும் இல்லை. "அத சும்மா எழுதி வை. மொத பேருதான்" என்று மனைவி எழுந்துவிட்டாள்.

அது நடந்து நாலு வருஷம். மகளுக்கு அப்போது பதினேழு வயது. பிளஸ் டூ. காய்ச்சல் என்று படுத்தாள், ஒன்பதாவது நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் கொண்டுவந்தோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது. அதன் பிறகு நான் அவள் பெயரைச் சொன்னதில்லை. விரதம், சபதம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. வாய் போகவில்லை, விட்டுவிட்டேன். வீட்டில் பேச்சு வந்தால் "பாப்பா" என்பேன். அதுவும் வருஷத்துக்கு இரண்டு முறை.

மனைவிக்கு என் மேல் ஒரு தீராத கோபம் உண்டு. அது ரேஷன் கார்டு விஷயம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் லீவு மிச்சம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. இறந்தவர் பெயரை உடனே நீக்காவிட்டால் பின்னால் பேஜாரு என்று கேன்டீனில் யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்துவிட்டு வந்தேன். அவளிடம் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் புதுக் கார்டு வந்தது. அதில் மூன்று பெயர். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒனக்கு லீவு இருந்துச்சின்னு இத பண்ணியா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். உண்மையும் அதுதான்.

இப்போது கம்பெனிப் பெயர் என்றதும் அவள் மனதில் என்ன ஓடியது என்று அன்று ராத்திரி சோறு போடும்போது அவளே சொன்னாள். "எரிச்சிட்டோம், ஒரு கல்லு கூட கெடையாது. ஸ்கூல்ல எடுத்தாச்சி, கார்டுல எடுத்தாச்சி. கவர்மெண்டு பேப்பர்ல எங்கனா ஒரு எடத்துல அவ இருக்கட்டுமே. ரெண்டு எழுத்துதான?"

நான் தலையாட்டினேன். ஆனால் எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிப் பெயர் என்றால் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்ல வேண்டும். கேட்டில் செக்யூரிட்டியிடம், லாரிக்காரனிடம், கேஸ் சிலிண்டர் கடையில், பேங்கில். போன் அடித்தால் முதல் வார்த்தையே அதுதான். அந்த இரண்டு எழுத்தை எடுத்துக்கொண்டு நான் ஷட்டரைத் திறக்கப் போவதில்லை என்று தீர்மானித்தேன். பயம்தான், வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

மறுநாள் காலையில் நாஷ்டாவுக்குக் கூட நிற்காமல் பஜாருக்குப் போனேன். ஆபீஸ் திறக்கும்வரை மெடிக்கல் ஷாப் படியில் நின்றேன். அந்தப் பெண் வந்ததும், வரிசையை மாற்றச் சொன்னேன். எங்கள் மூன்று பேர் எழுத்து முதல் விருப்பம். மற்றது இரண்டாவது.

"அக்கா கிட்ட சொல்லிட்டீங்களாண்ணா?" என்றாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் மாற்றினாள். விண்ணப்பம் போயிற்று. போகும் வழியில் டீக்கடையில் இரண்டு பன் சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். எங்கள் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். சிப்காட்டில் பாதிப் பேருக்கு இதே கதைதான். அதனால் பேங்க், கேஸ், ஆதார் எதுவானாலும் பெண்டாட்டி நம்பரைக் கொடுப்பது எங்களுக்குக் கைப்பழக்கம். இதிலும் அப்படித்தான் கொடுத்திருந்தேன். சேதி எல்லாம் அவளுக்குத்தான் போகும் என்பது ஷிப்டு நடுவில் மாஸ்க்கைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

நாலாம் நாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். போனை என் பக்கம் தள்ளினாள். பெயர் கிடைத்துவிட்டது என்ற கடிதம். எங்கள் மூன்று பேர் எழுத்து.

"மொத பேரு ஆவலபோல" என்றாள். "சரி வுடு. கவர்மெண்டே வாணான்னுட்டான், நீ இன்னா பண்ணுவ. மூஞ்ச தூக்கி வச்சிக்காத. கை கால் கழுவிக்கினு வா."

என்னைத் தேற்றினாள். நாலு வருஷத்தில் அவள் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. நான் போய்க் கை கால் கழுவினேன். குழாயை மூடாமல் ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன், மகன் வந்து மூடினான். அன்று சாப்பிட்டேன், தூங்கவும் தூங்கினேன். மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் காலையில் டிபன் பாக்ஸில் அவள் சோறு அழுத்திக்கொண்டிருந்தபோது சொன்னேன். "கவர்மெண்டு வாணான்னு சொல்லல. நான்தான் மாத்தி போடச் சொன்னேன்."

கரண்டி நிற்கவில்லை. இரண்டு பாக்ஸையும் மூடினாள், என்னுடையதை என் பையில் வைத்தாள், தன்னுடையதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அதோடு பேச்சு நின்றது. கம்பெனியைப் பதிய இரண்டு டைரக்டர்களும் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அவள் போனுக்கு ஓடிபி வரும். ஆபீஸ் பெண் போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தாள். மனைவி எடுத்து, "வந்துச்சி, சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிடுவாளாம். மேனேஜர் என்னிடம் இன்னா ஆச்சி, இன்னா ஆச்சி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு ஒருவன் ஷெட் எடுத்துவிட்டு ஆர்டருக்காக நிற்கிறான் என்றும் சொன்னார். டைரக்டர் கையெழுத்து என்றால் என்ன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இருபது நாளும் அவள் அசையவில்லை. இருபத்தோராம் நாள் அந்தப் பெயர் கைவிட்டுப் போனது. எனக்குக் கோபம் கூட வரவில்லை.

அன்று சாயந்திரம் நானே அவள் யூனிட் வாசலில் போய் நின்றேன். அவள் வெளியே வந்து என்னைப் பார்த்தாள். "மறுபடி போடலாம். ஒரே பேரு. நீ சொன்னது" என்றேன். அவள் கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் மகளின் பிறப்புச் சான்றிதழ். எத்தனை நாளாக அதை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை இரண்டு பேரும் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனோம். அந்தப் பெயர் அடுத்த வாரமே கிடைத்தது. ஷெட்டும் எடுத்தாயிற்று, வேலையும் நடக்கிறது. ஆனால் நான் சொல்ல உட்கார்ந்தது அதையல்ல, அந்தச் சனிக்கிழமையை.

அகராதியில் இல்லாத வார்த்தை என்றால் அதற்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். யாருடைய பெயர், நமக்கு என்ன உறவு என்பதற்கும் காகிதம் வைக்க வேண்டும். முதல் தடவை அது எங்கள் மூன்று பேர் ஆதாரிலேயே முடிந்துவிட்டது. ஆபீஸ் பெண் மனைவியைப் பார்த்து, "மொத ரெண்டு எழுத்து பொண்ணு பேருலேர்ந்து. முழுப் பேரு சொல்லுங்கக்கா, டைப் பண்ணிடறேன்" என்றாள்.

மனைவி பிளாஸ்டிக் கவரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். என் முறை என்று தெரிந்தது.

சொன்னேன். மூன்று எழுத்து, இனிஷியலோடு முழுப் பெயர். ஏதாவது ஆகும் என்று நாலு வருஷம் பயந்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. கீழே மெடிக்கல் ஷாப்பில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அடித்து முடித்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள் மனைவி.

"வேணாங்கக்கா, கரெக்டாதான் அடிச்சிருக்கேன்" என்றாள் அந்தப் பெண்.

"ஒன்ன சொல்லலம்மா" என்றாள் மனைவி. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி சொன்னேன். இந்த முறை பாதியில் நின்றுவிட்டது. மீதியை அவள் சொன்னாள்.