ஒன்பதில் ஒருவன்

மணிமங்கலம் போகிற சாலையில் டெய்லர் கடை வைத்திருந்த யாக்கோபு, அறுபதுகளில் பஞ்சாயத்து மெம்பராக இருந்தான். அப்போது அந்த ஊரில் ஜனங்கள் ஒன்பது மெம்பர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். அந்த ஒன்பது பேர் கூடித் தங்களில் ஒருவரைப் பிரசிடென்ட் ஆக்கினார்கள். ஊரைவிட ஒன்பது பேருக்கு விவரம் அதிகம் என்று மேலே யாரோ நம்பியிருக்க வேண்டும்.

அவர்களில் ஒருவரான அரிசி மில் நாகப்பன் யாரையும் நம்பவில்லை. தன்னைத் தவிர நாலு மெம்பர்களைச் சேர்த்துக்கொண்டு, தனக்கே ஓட்டு என்று மூன்று பேரைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவைத்தார். யாக்கோபு வேதக்காரன், அவன் மட்டும் ஜெபமாலையைப் பிடித்துச் சத்தியம் செய்தான்.

எண்ணியபோது நாகப்பனுக்கு நாலு, எதிர்த்து நின்ற பொன்னுரங்கத்துக்கு ஐந்து.

ஆயிரம் பேர் போட்டால் ரகசிய ஓட்டு. ஒன்பது பேரில் ஒளிந்துகொள்ள இடம் ஏது? சாயங்காலத்துக்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கற்பூரம் அணைத்தவனுக்குக் கண் அவிந்துவிடும் என்ற பயம் இருக்கும். ஜெபமாலைக்காரனுக்கு என்ன, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் தீர்ந்தது.

யாக்கோபு நாகப்பனுக்குத்தான் போட்டிருந்தான். எப்படி நிரூபிப்பது? சீட்டுகளை அதிகாரி அரக்கு வைத்து எடுத்துப்போய்விட்டார். மில் ஆட்கள் துணி தைக்கக் கொடுப்பதை நிறுத்தினார்கள். போதாததற்குப் பொன்னுரங்கம் பார்க்கிற இடத்திலெல்லாம் அவனைக் கும்பிட்டுத் தொலைத்தார். ஒரு நாள் சோறு போடும்போது பெண்டாட்டி கிளாராவே கேட்டாள்.

"என்கிட்டயாவது நெசத்த சொல்லேன். யாருக்குப் போட்ட?"

அன்றிலிருந்து அவனும் சந்தேகப்படத் தொடங்கினான். கற்பூரம் அணைத்த மூவரையும் வரிசையாகச் சந்தேகித்து முடித்து, நாகப்பனிடமே வந்து நின்றான். பதற்றத்தில் மனுஷர் தன் சீட்டிலேயே மாற்றிக் குத்தியிருந்தால்? இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

அடுத்த தேர்தலில் முறை மாறி, பிரசிடென்ட்டுக்கு ஊரே நேராக ஓட்டுப் போட்டது. நாகப்பன் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். மறுநாள் வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு டெய்லர் கடைக்கே வந்தார்.

"போன தபா ஒத்த ஓட்டு. இந்தத் தபா இம்மாம் பேரையும் நீதான்டா கலைச்சிக்கீற."

யாக்கோபு தையல் மிஷினை நிறுத்தவில்லை.

"இந்தத் தபா ஒண்ணு நான்தாண்ணா. மீதிய நீயே தேடிக்க."

நாகப்பன் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். ஐந்து வருஷமாக யாக்கோபு சொன்ன எதையும் நம்பாத மனுஷர், இதை மட்டும் உடனே நம்பிவிட்டார்.