அரண்மனை வாசலில் சொன்ன ‘ஆமாங்க’

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். எங்களில் இருபது பேர் குடும்பத்தோடு காசிக்கும் அங்கிருந்து நேபாளத்துக்கும் யாத்திரை போனோம். எனக்குக் கல்யாணமாகவில்லை. அக்காவை அழைத்துக்கொண்டேன். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து எங்களிடம் திரும்பியவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான்.

வடக்கத்திச் சாப்பாடு யாருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவே ஸ்டவ்வைப் பற்றவைத்து எல்லாருக்கும் சோறும் ரசமும் வைத்தாள்.

காத்மாண்டுவில் பழைய அரண்மனைச் சதுக்கத்துக்குப் போனோம். செங்கல் பாவிய தரை, அடுக்கடுக்காக ஓட்டுக் கூரை வேய்ந்த கோயில்கள், எங்கு பார்த்தாலும் புறா. அக்கா ஒவ்வொரு கோயில் படியையும் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். எங்களோடு வந்திருந்த மேலதிகாரியின் மனைவி என்னிடம் கேட்டார்:

“அந்தம்மா உங்க வூட்டு சமையல்காரங்களா? கைப்பக்குவம் ரொம்ப நல்லா இருக்குது.”

அதிகாரி பக்கத்திலேயே நின்றிருந்தார். அக்காவின் சாயம்போன புடவையும் வெடித்த பாதமும் என் கண்ணில் பட்டன.

“ஆமாங்க” என்றேன்.

திரும்பினால் நாலடி தள்ளி அக்கா நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“சார், எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்க. வாங்க” என்றாள்.

தெய்வமாக வணங்கப்படும் சிறுமி ஒருத்தி வசிக்கும் வீடு அங்கே இருந்தது. முற்றத்தில் காத்திருந்தோம். மாடி ஜன்னலில் மை தீட்டிய அந்தக் குழந்தை முகம் வந்தபோது எல்லாரும் கைகூப்பினார்கள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திரும்பும் வழியெல்லாம் மற்றவர்கள் முன்னால் நான் அவளுக்கு ‘சார்’தான். பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தவளிடம் போய், “அக்கா, அன்னிக்கு நான்...” என்று ஆரம்பித்தேன்.

“வுடு தம்பி. இப்ப அக்கான்னு சொன்னா நாலு பேரு எதிர்ல ஒனக்குத்தான அசிங்கம்.”

ஊருக்கு வந்து ஒரு மாதத்தில் அதிகாரி வீட்டில் காதுகுத்து. பியூன் எங்கள் வாசலில் வந்து நின்றான். “சமையல்காரம்மாவ அம்மா வரச் சொன்னாங்க சார்.” அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “போயிட்டு வரேன்” என்று கிளம்பிவிட்டாள்.

அழைப்பு எனக்கும் இருந்தது. போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பார் வாளியோடு வந்தவள் என் இலை முன்னால் குனிந்தாள். “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா சார்?” தலையை ஆட்டினேன். ஊற்றியதை முழுக்கச் சாப்பிட்டேன்.

அந்த அதிகாரிக்கு மாற்றலாகி, அவர் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த நாளில்தான் உண்மையைச் சொன்னேன். இனி அவரால் எனக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை என்ற பிறகு. “அப்படியா?” என்றார். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“இப்ப எதுக்குப் போய் சொன்ன?” என்றாள்.

அவள் தண்ணீரை வடித்துவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள்.