ஏச்சும் ஒரு ப்ளேன்டீயும்

சாப்பாட்டுக் கடை வச்சிருக்கிறவங்களுக்கு அடுப்புச் சூடு பழகிப்போயிரும். எதிர்த்தாப்புல புதுசா ஒரு கடை திறந்தா வயித்துக்குள்ள ஒரு சூடு வருதே, அது மட்டும் பழகவே பழகாது. அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

எங்க கடை பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கம். ஆறு மேசை. உள்ளுக்கு அடுப்புல எங்க வீட்டுக்காரர், வாசல்ல நான். அவருக்குக் கை பேசும், வாய் பேசாது. நான் நேர்மாறு. ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல, வரிசை வீட்டு லயத்துல வளர்ந்தவ. கடைசி வீட்டு ஆளையும் முதல் வீட்டுல இருந்தே கூப்பிட்டுப் பேசின தொண்டை இது. கடைக்கு வர்றவங்களை, "இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க?"ன்னு ஏசித்தான் உக்கார வைப்பேன். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

போன வருசம் எதிர்ல கண்ணாடிக் கதவு, மெத்தை நாற்காலி, கலர் லைட்டோட ஒரு ஹோட்டல் வந்துச்சு. எங்க கடைக்கு வர்ற ஆட்கள்ல பாதிப் பேர் அந்தப் பக்கம் போயிட்டாங்க. தோட்டத்துச் சனம் சம்பளம் வாங்கிட்டு டவுனுக்கு இறங்குற ஞாயித்துக்கிழமைதான் எங்க கடைக்கே உயிர். அன்னைக்கே மேசை காலி. "பொங்கலுக்கு முந்தின சம்பள ஞாயிறு வரைக்கும் பார்ப்போம். அப்பவும் இப்படின்னா பூட்டிட்டு, கொழும்புல அண்ணன் கடைக்குப் போயிடலாம்"னு சொல்லிட்டார் வீட்டுக்காரர். அவருக்கு அங்கயும் அடுப்பு இருக்கு. எனக்கு? பின்கட்டுல தேங்காய் துருவணும். வாசல்ல நின்னு "வாங்க"ன்னு சொல்ல முடியாத கடையில எனக்கு என்ன வேலை? நினைச்சாலே அழுகை வந்துச்சு.

எங்க ஆட்கள் எப்படிப்பட்டவங்கன்னு முதல்ல சொல்லிடுறேன். அப்பத்தான் மிச்சம் விளங்கும்.

தட்டு

இந்த ஊர்க் கடைகள்ல ஆள் உக்காந்ததும் வடை, ரோல்ஸ், பனிஸ் எல்லாம் அடுக்கின தட்டைக் கொண்டாந்து நடுவுல வைப்பாங்க. எடுத்ததுக்கு மட்டும் காசு. டவுன்காரங்களுக்கு அது பழக்கம். பசறைப் பக்கத்துத் தோட்டத்துல இருந்து மாரியாயின்னு ஒரு பொண்ணு, ரெண்டு பிள்ளைகளோட ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்துட்டு முதல் தடவையா எங்க கடைக்குள்ள வந்துச்சு. தட்டை வச்சதுதான் தாமதம், பிள்ளைங்க கை ரெண்டையும் புடிச்சு மேசைக்குக் கீழ வச்சுக்கிச்சு. "நாங்க இதெல்லாம் கேக்கலைங்களே"ன்னு எந்திரிக்கப் பார்த்துச்சு.

தட்டை எடுத்துட்டேன். "பசியோட எங்க எந்திரிக்கிற? உக்காரு!"ன்னு ஒரு அதட்டு அதட்டி, பால் ஊத்தாத ப்ளேன்டீயும் ரொட்டியும் வச்சேன். அதுல இருந்து, புதுசா தோட்டத்துல இருந்து வர்றவங்களுக்கு முதல்ல ப்ளேன்டீ. தட்டு அவங்க கேட்டாத்தான். அடுத்த கிளினிக்குக்கு வந்தப்ப மாரியாயி வாசல்லயே நின்னு கத்துச்சு: "அக்கா, இன்னைக்கு அந்தத் தட்டைக் கொண்டாங்க!"

சீனி

கச்சேரியில, அதான் கவர்மென்ட் ஆபீஸ்ல, வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்து ஐயா ஒருத்தர். சட்டைப் பையில சீனி வியாதிக்கு மாத்திரை, வாயில "தேத்தண்ணிக்கு இன்னும் கொஞ்சம் சீனி போடு பிள்ளை." எத்தனை நாளைக்குப் பொறுக்கிறது? ஒரு நாள் சீனிப் போத்தலைத் தூக்கி உள்ளுக்கு வச்சிட்டு, "வீட்டுல உங்க சம்சாரம் நீங்க திரும்பி வருவீங்கன்னு எதிர்பார்க்கிறாங்களா இல்லையா?"ன்னு கேட்டுட்டேன். "நான் தேத்தண்ணி குடிக்க வந்தனான், ஏச்சு வாங்க வரேல்லை"ன்னு குடையை எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டார்.

வீட்டுக்காரர் தலையில கை வச்சுக்கிட்டார். மறுநாள் அதே நேரம், அதே நாற்காலியில ஐயா. குடையை மடிச்சு வச்சிட்டு என்னை நிமிர்ந்தும் பார்க்காம சொன்னார்: "சீனியில்லாமல் ஒண்டு தாம்மா. ஏச்சு நேற்றைய மாதிரியே இருக்கட்டும்."

மரியாதை

எதிர்க்கடை வந்த பிறகு வீட்டுக்காரர் என் வாயைத்தான் குத்தம் சொன்னார். "அங்க பாரு, வர்றவங்களை 'சேர், மேடம்'னு கூப்பிடுறாங்க. நீ என்னடான்னா மாமியார் மாதிரி ஏசுற." சரி, கடை தப்பிக்கட்டும்னு நாக்கைக் கட்டிப் போட்டேன். "வணக்கம் சேர். என்ன சாப்பிடுறீங்க?" சிரிச்சுச் சிரிச்சுக் கன்னம் வலிச்சதுதான் மிச்சம். கச்சேரி ஐயாவையும் "சேர்"னு கூப்பிட்டேன். பாதி டீயை அப்படியே வச்சிட்டுப் போனவர், அப்புறம் ஆளைக் காணோம். எதிர்க்கடைக்குப் போகாம இருந்த ஆட்களும் குறைய ஆரம்பிச்சாங்க.

அந்தச் சமயம் மாரியாயி வந்துச்சு. "வாங்க மேடம், உக்காருங்க"ன்னேன். உக்காரல. பிள்ளைங்க அம்மா சேலையைப் புடிச்சுக்கிட்டு என்னையே பார்க்குதுங்க. மாரியாயி கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. உள்ளுக்கு ரொட்டி போட்டுக்கிட்டிருந்த வீட்டுக்காரருக்கும் கேக்குற மாதிரி கேட்டுச்சு: "அக்கா, நாங்க என்ன தப்பு செஞ்சோம்? அதைச் சொல்லி ஏசிருங்களேன்!"

மழை

அன்னைக்கோட "சேர், மேடம்" எல்லாம் குப்பைக்குப் போச்சு. ஆனா போன ஆள் போனதுதான். வீட்டுக்காரர் கொழும்புக்கு போன் பேச ஆரம்பிச்சிட்டார். அப்படியிருக்க ஒரு மத்தியானம் கொட்டு கொட்டுனு மழை. பசறை ரோட்டுல மண் சரிஞ்சு பஸ் ஓடல. தோட்டத்துச் சனம் கடை ஓரங்கள்ல நனைஞ்சுக்கிட்டு நிக்குது, மாரியாயியும் நடுவுல. எதிர்க்கடையில சாப்பிடாதவங்களுக்கு இடமில்லைன்னுட்டாங்க. அவங்க தரை அப்படி வழுவழுப்பு, நான் குத்தம் சொல்லல. "என்ன அங்க வேடிக்கை? வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுலயா நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். ஆறு மேசையும் நிறைஞ்சு, சுவரோரமும் நிறைஞ்சிருச்சு.

ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. எல்லாருக்கும் ப்ளேன்டீ வச்சேன், அதுவும் ஆறிப்போச்சு. மலை சரிஞ்சு லயம் புதைஞ்ச கதையெல்லாம் தெரிஞ்ச சனம். மழை பேஞ்சா வீட்டுல விட்டுட்டு வந்த பிள்ளைங்க மேலதான் நினைப்பு. மாரியாயி போனைக் காதுல வச்சது வச்சபடி. லைன் கிடைக்கல. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், இன்னொரு அண்டா தண்ணியை அடுப்புல ஏத்தினார். பொழுது சாயுறப்ப பஸ் கண்டக்டர் சேறும் சகதியுமா வந்து, மண்ணு ரோட்டுல மட்டும்தான், லயத்துக்கு ஒண்ணுமில்ல, பிள்ளைங்க எல்லாம் கோயில்ல இருக்குதுங்கன்னார். மாரியாயி முகத்தை மூடிக்கிட்டு அழுதுச்சு. அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னது: "அக்கா, இப்ப ஒரு ரொட்டி குடுங்க. காலையில இருந்து சாப்பிடல."

சம்பள ஞாயிறு

பொங்கலுக்கு முந்தின அந்த ஞாயிறும் வந்துச்சு. காலையில ஒரு ஈ காக்கா இல்ல. வீட்டுக்காரர் மாவைப் பிசைஞ்சு வச்சிட்டு, என் முகத்தைப் பார்க்காம கரண்டியைக் கழுவினதையே கழுவிக்கிட்டிருந்தார். நான் வாசலை விட்டு நகரல. கடைசி நாளா இருந்தாலும் அது என் வாசல்.

பசறை பஸ் வந்து நின்னுச்சு. பொங்கல் சாமான் வாங்க இறங்கின சனம் பஜார் பக்கம் திரும்பல. மாரியாயி முன்னால, மிச்ச எல்லாரும் பின்னால, நேரா எங்க கடைக்கு. மழையில நின்ன முகங்க. அதுங்களோட அண்ணன், தம்பி, சம்பந்தி வேற. மேசை போதாம ஐயா குடையோட வாசல்ல நிக்கிறார். அவர் எப்ப வந்தார்னே தெரியல. எனக்கு வாயே வரல, நம்புவீங்களா? அப்பத்தான் பின்னாலயிருந்து ஒரு அதட்டல் கேட்டுச்சு. மாவுக் கையோட எங்க வீட்டுக்காரர்! இத்தனை வருசத்துல வந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாத மனுசன், கடையே அதிர்ற மாதிரி கேட்டார்: "இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க?"

கடை முழுக்கச் சிரிப்பு. ஐயா குடையை மடிச்சுக்கிட்டே சொன்னார்: "சரிதான், இனி இஞ்ச ரெண்டு பேரிட்டையும் ஏச்சு வாங்க வேணும் போலை."

கடை வச்சிருக்கிற என் சனங்களே, கறியில உப்பு கூடினாலும் நம்ம ஆட்கள் மன்னிச்சிருவாங்க, ஏசுறதை நிறுத்தினா மட்டும் எதிர்க்கடைக்குப் போயிருவாங்க.