குடியை நிறுத்தப் போய்ப் பாட்டுப் பாடினேன்

எழுபதுகளின் தொடக்கத்தில் மதுவிலக்கை எடுத்துவிட்டுச் சாராயக் கடைகளைத் திறந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. நகரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. கடை வந்த பிறகுதான் குடிக்கக் கற்றுக்கொண்டேன் என்றால் அது பொய். அதற்கு முன்பே திருட்டுத்தனமாகக் கிடைத்ததைக் குடித்துக்கொண்டிருந்தவன்தான். கடை வந்ததும் ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியம் போயிற்று, அவ்வளவுதான்.

ஒரு வருஷத்துக்குள் கை நடுங்க ஆரம்பித்தது. ஒருநாள் சின்னப் பாலம் ஒன்றுக்கு வரைபடம் போட்டேன். நேர்க்கோடு கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி வந்தது. மேலதிகாரி திட்டவில்லை. தாளைச் சுருட்டி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அன்று மாலை கடைக்குப் போய்விட்டு வரும்போது சைக்கிளோடு ஜல்லிக் குவியலில் விழுந்தேன். நெற்றியில் ஐந்து தையல்.

தையல் போட்ட நர்ஸம்மா பல்லாவரத்துக்காரர். கட்டுப் போட்டு முடித்ததும், "சார், எங்க சர்ச்சுக்குப் பின்னாடி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் குடியை விட்டவங்க கூடுவாங்க. மதம் கிதம் எதுவும் கேக்க மாட்டாங்க. சும்மா போய் உக்காருங்க" என்றார்.

பக்கத்தில் நின்ற என் மனைவி, "போவீங்களா?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை. வெறும் களைப்பு. அதைத் தாங்க முடியாமல் தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிந்து ரயிலில் வரும்போது பல்லாவரத்தில் இறங்கினேன். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஹாலில் விளக்கு எரிந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு ஹார்மோனியம். டீச்சர் போலிருந்த ஒரு அம்மா சிரித்தபடி என் கையில் பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். பாடித்தான் குடியை மறப்பார்கள் போலிருக்கிறது என்று நானும் பாடினேன். என் குரல் தடித்தது என்பதால் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். ஒரு மணி நேரம் கர்த்தரைத் துதித்த பிறகு அந்த அம்மாவிடம் மெல்லக் கேட்டேன்: "குடியைப் பத்தி எப்போ பேசுவீங்க?"

அவர் விழித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ சார், அது பக்கத்து ரூம்! இது கிறிஸ்துமஸ் பாட்டு பிராக்டிஸ்."

பக்கத்து அறை அதற்குள் பூட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. மறுவாரம் நான் போனதற்கு அந்தச் சிரிப்புதான் காரணம்.

பக்கத்து அறையில் குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் ஆறு பேர் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். என் வயதுக்காரர் ஒருவர், பல்லாவரம் மலையில் கல் உடைப்பவர், என்னைப் பார்த்ததும், "இன்னா சார், போன வாரம் அந்தாண்ட பாடிக்கினு இருந்தது நீதானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

என் முறை வந்தபோது, "கொஞ்சம் பழக்கம் உண்டு" என்றேன்.

"கொஞ்சம்னா இன்னா சார்?" என்றார் கல் உடைப்பவர். "நானும் கொஞ்சந்தான் குட்ச்சேன். ஒரு நாளு எம் பொண்ணு பேரே மறந்து பூட்ச்சு."

அதற்குமேல் மழுப்ப முடியவில்லை. என் மகன் பிறந்த அன்று நான் எங்கே விழுந்து கிடந்தேன் என்று சொன்னேன். வாய்விட்டு அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. யாரும் உச்சுக்கொட்டவில்லை. ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் ஒருவர், பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

ஒரு உபாயமும் கிடைத்தது. "கடை தாம்பரம் டேசன்கிட்டதானே கீது? நீ ஏன் அங்க எறங்குற? ஒரு டேசன் முன்னாடியே சானடோரியத்துல எறங்கி நடந்து போ சார்" என்றார் கல் உடைப்பவர். அப்படியே செய்தேன். சில நாட்களில் மனைவியும் பையனும் எதிரே வந்து பாதி வழியில் சேர்ந்துகொள்வார்கள். வேர்க்கடலை கொறித்தபடி வீடு திரும்புவோம்.

பொங்கலுக்கு மச்சான் வீட்டில் சறுக்கினேன். வெட்கத்தில் இரண்டு வாரம் கூட்டத்துக்குப் போகவில்லை. மூன்றாவது செவ்வாய், கல் உடைப்பவர் வாசலில் நின்றார். "உன்னிய யாரும் ஒண்ணியும் கேக்க மாட்டாங்க. சட்டையை மாட்டிக்கினு வா." கூடவே போனேன். அதன் பிறகு நான் தொட்டதில்லை.

சீக்கிரமே கடைகளை மறுபடி மூடினார்கள். கடையை மூடினால் ஆசை மூடிக்கொள்கிறதா என்ன? செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்தன. ஆபீஸில் என் கோடுகள் நேராகிவிட்டன.

சில வருஷம் கழித்து, கல் உடைப்பவர் தன் மகளுக்குத் திருநீர்மலையில் கல்யாணம் செய்தார். செவ்வாய்க்கிழமைக்காரர்கள் ஒரே வரிசையில் சாப்பிட உட்கார்ந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். குமாஸ்தா மாதிரி நான், ஒரு வெள்ளைக்காரர் மாதிரி ஆள், ஒரு லாரிக்காரர்.

"நீங்கள்லாம் எப்படிச் சொந்தம்?" என்றார்.

சாம்பார் வாளியோடு வந்த கல் உடைப்பவரே சொன்னார்: "நம்ம வூட்டு ஆளுங்கதான். நல்லா கவனிங்க."

எஞ்சின் டிரைவர் பாயசம் மூன்று முறை கேட்டு வாங்கினார்.