பேர் வெட்டாத குண்டான்

எனக்கு அறுபத்தெட்டு வயது. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேரை. நான்கு நான் பெற்றவை, ஒன்று என் நாத்தனார் விட்டுப் போனது. ஐந்தும் தின்று வளர்ந்தது என் பாத்திரத்தில். அடுத்தவர் பேர் வெட்டிய ஒரு கரண்டிகூட என் அடுப்படிக்கு வந்ததில்லை. இதை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். இருக்கட்டும்.

கடைசி மகளுக்குப் போன வைகாசியில்தான் கல்யாணம் ஆனது. வேலை வேலை என்று முப்பதைத் தாண்டி நின்றவளை பிரேசர் டவுனில் ஒரு நல்ல குடும்பம் கேட்டு வந்தது. மாப்பிள்ளை தங்கம். அவரைப் பெற்றவள், என் சம்மந்தி, மார்க்கெட்டுக்குக்கூடப் பட்டுப்புடவையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு போகிறவள். பேசும்போது ஒரு புருவம் மட்டும் மேலே போகும். அந்தப் புருவத்துக்காகத்தான் இவ்வளவும்.

அவர்கள் வீட்டார் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக்கு முதல் முறையாகச் சாப்பிட வருவதாக முடிவானது. இட்லியும் கறிக்குழம்பும் என்று நானே வாயை விட்டுவிட்டேன். என் இட்லி குண்டானோ கல்யாண அவசரத்தில் தண்ணீர் வற்றி, அடி கருகிப் பொத்துக்கொண்டது. கல்யாணச் செலவு முடிந்த கையோடு மகனிடம் புதுசு கேட்க மனசு வரவில்லை. பக்கத்து வீட்டில் இரவல் கேட்டால் அவள் குண்டானைக் கொடுக்கும் முன்பே தெரு முழுக்கச் சேதியைக் கொடுத்துவிடுவாள்.

மருமகள்தான் சொன்னாள். "அத்தை, வேண்டாத சாமானை ஜனங்க கொண்டுபோய்க் குடுக்கிற கடை ஒண்ணு இருக்கு. விக்கிற காசு ஆதரவில்லாத பிள்ளைங்களுக்குப் போகுது. நல்ல நல்ல பாத்திரம் வரும்."

"ஊரான் வீட்டுக் கழிசலை நான் எடுக்கிறதா?"

"எடுக்க வேணாம் அத்தை. சும்மா பாத்துட்டு வாங்க."

சும்மா பார்க்கத்தான் போனேன். ஈஜிபுராவுக்கும் தூரம், பிரேசர் டவுனுக்கும் தூரம், தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது என்று நன்றாக விசாரித்துக்கொண்டு சும்மா பார்க்கப் போனேன். பெண்களுக்கு பஸ்ஸில் காசும் கிடையாது. மத்தியானத்துக்கு என் தூக்கில் தயிர்சாதமும் ஊறுகாயும்.

கடை பெரிய வீடு மாதிரி இருந்தது. சோபா, மிக்ஸி, சுவர்க்கடிகாரம், திரைச்சீலை என்று குடித்தனம் நடத்த ஆள் மட்டும்தான் இல்லை. பாத்திர அலமாரி முன்னால் நின்று ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தேன். ஓட்டை பார்க்கிறேன் என்று கடைப் பெண் நினைத்திருப்பாள். நான் பார்த்தது பேர். பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்கு எடுத்து வருகிற வழக்கம் நம்மவர்களுக்கு இல்லையே. அண்டாவில் ஒருத்தி பேர், சம்புடத்தில் இன்னொருத்தி பேர், ஒரு வாளியில் சீர் கொடுத்த அத்தை மாமா பேர் வரைக்கும் புள்ளி புள்ளியாக. எழுத்துக் கூட்டிக் கூட்டி எல்லாவற்றையும் படித்தேன். பள்ளிக்கூடத்தில் இவ்வளவு படித்திருந்தால் மூன்றாம் வகுப்புக்குப் போயிருப்பேன். கன்னடத்தில் வெட்டியது என்ன சொல்கிறதோ என்று அதைத் தொடவே இல்லை.

கீழ்த்தட்டில் அது இருந்தது. எவர்சில்வர் இட்லி குண்டான், கனத்த அடி, நாலு தட்டு. கவிழ்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை, மொட்டை. மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

அலமாரிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நீலப்பூ போட்ட டீ கப்புகளைத் திருப்பித் திருப்பி விரிசல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் நிமிர்ந்தாள். ஒரு புருவம் மேலே போனது.

என் கையிலிருந்த குண்டான் தானாகத் தட்டுக்குத் திரும்பியது. அவள் கையிலிருந்த கப்பும்.

"வாங்க சம்மந்தி," என்றாள், தன் வீட்டு வாசலில் நிற்பவள் போல. "சாமான் குடுக்க வந்தீங்களா?"

"ஆமா சம்மந்தி. வீட்ல நிறைய சேர்ந்துபோச்சு. நீங்க?"

"நானும் குடுக்கத்தான். அப்பப்ப குடுக்கிறதுதான்."

இது காதில் விழுந்ததும் கடைப் பெண்ணுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "டொனேஷனா அஜ்ஜி? கொடி, கொடி," என்று கன்னடத்தில் பாட்டி முறை வைத்துக் கேட்டு இரண்டு கையையும் நீட்டினாள். சம்மந்தி என்னையே பார்த்தாள். என் பையில் இருந்தது ஒன்றுதான். தூக்கை எடுத்துக் கொடுத்தேன்.

"உள்ள என்னமோ கனமா இருக்கே, அஜ்ஜி?"

"தயிர்சாதம்மா. வெறும் பாத்திரமா குடுக்கிற பழக்கம் எங்க வீட்ல கிடையாது."

நீட்டிய கை சம்மந்தி பக்கம் திரும்பியது. அவள் கைப்பையைத் தடவினாள், அலமாரியைப் பார்த்தாள், கடைசியில் கக்கத்தில் இருந்த குடையை மேடையில் பொன்னாடை போர்த்துகிற தோரணையில் எடுத்துக் கொடுத்தாள். "புதுசுதாம்மா. நல்லா இருக்கிறதைத்தான் குடுக்கணும்."

இரண்டு பேரும் தலை நிமிர்ந்து, வெறுங்கையோடு வெளியே வந்தோம்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். அவள் கிளம்பினால் நான் திரும்பிப் போய்க் குண்டானை எடுத்துவிடலாம். அவளோ அசையவில்லை.

"உங்க பஸ் வந்துடுச்சே சம்மந்தி, ஏறலையா?"

"கூட்டமா இருக்கு சம்மந்தி," என்றேன். உள்ளே கண்டக்டர் மட்டும் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். "உங்க பஸ்ஸுந்தான் போகுது."

"அது சுத்திக்கிட்டுப் போகும்."

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஸ்டாப்பின் கூரை எங்களுக்கு நேர் மேலே பார்த்து ஒழுகியது. சம்மந்தியின் கை கக்கத்துக்குப் போய்க் குடையைத் தேடியது. அதே நேரம் என் வயிறு தெருவுக்கே கேட்கிற மாதிரி உறுமியது. என் கை பைக்குள் போய்த் தூக்கைத் தேடியது. அவள் என் கையைப் பார்த்தாள், நான் அவள் கையைப் பார்த்தேன்.

"பட்டுப்புடவை நனையுது சம்மந்தி."

"நனையட்டும். நீங்க என்ன வாங்க வந்தீங்க, அதைச் சொல்லுங்க."

"இட்லி குண்டான். எல்லாம் உங்களுக்காகத்தான். நீங்க?"

"டீ கப்பு. அடுத்த மாசம் நீங்க எல்லாரும் வரீங்களே. எங்க வீட்ல இருக்கிறதுல ஒண்ணுக்குக் காது இல்ல, ஒண்ணுக்கு வாய் இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது அவளுக்கு இரண்டு புருவமும் மேலே போகும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினோம் என்று எழுத ஆசை. முழங்கால் விட்ட வேகத்தில் நடந்தோம். அதற்குள் குடைக்கு விலைச் சீட்டு ஒட்டியாகிவிட்டது. என் தூக்கு கழுவித் துடைத்து அலமாரியில் ஏறியிருந்தது. கடைப் பெண் விரலில் ஊறுகாய். "சூப்பர் அஜ்ஜி," என்றாள். குண்டான், கப்பு, குடை, தூக்கு எல்லாவற்றுக்கும் காசு கொடுத்து வாங்கினோம். அந்தக் கடையில் நான் வாங்கியதில் பேர் வெட்டிய பாத்திரம் ஒன்றே ஒன்றுதான். அதில் இருந்தது என் பேர்.

ஞாயிற்றுக்கிழமை இட்லி பஞ்சாக வந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சம்மந்தி குண்டானை எட்டிப் பார்த்து, ஒன்றும் தெரியாதவள் போல, "நல்ல கனம். எங்க வாங்கினீங்க சம்மந்தி?" என்றாள்.

"நீங்க டீ கப்பு வாங்கினீங்களே, அந்தக் கடைக்குப் பக்கத்துக் கடை."

அவளுக்குப் புரையேறியது. மாப்பிள்ளை தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

எல்லோரும் போன பிறகு, குண்டானில் பேர் வெட்டிக்கொண்டு வரட்டுமா என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். எனக்குப் பிறகு இது எந்த அலமாரிக்குப் போகுமோ. அங்கேயும் ஒருத்தி கவிழ்த்துப் பார்ப்பாள். அவளுக்கும் ஒரு சம்மந்தி இருப்பாள்.

சின்னக்குட்டி, இங்கே வா. இந்த வீட்டுப் பிள்ளைகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நீதான். இதை முதலிலிருந்து படித்துக் காட்டு. குடை வருகிற இடத்தில் கொஞ்சம் சத்தமாகப் படி. போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன், பிரேசர் டவுனில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.